பழைய கமடோர் 64 வாங்கப் போகிறீர்களா? மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும்

1982 ஆகஸ்டில் கமடோர் 64 என்ற வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 595 டாலர். 64 கேபி ரேம், வண்ணத் திரை, மூன்று குரலில் இசை, எல்லாம் அந்த விலைக்குள் அடங்கின. சிப் தயாரிக்கும் மாஸ் டெக்னாலஜியை கமடோர் 1976-லேயே வாங்கிவிட்டதுதான் காரணம். இன்று பழைய மெஷின் வாங்குபவரைப் படுத்துவதும் அந்தச் சொந்த சிப்கள்தான். அசல் சிப்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. எனவே பெட்டியின் பளபளப்பை விடுங்கள், போர்டைப் பார்த்து விலை பேசுங்கள்.

கூடவே வரும் பழைய பவர் சப்ளையை மெஷினில் செருகவே கூடாது. அதன் 5 வோல்ட் ரெகுலேட்டரை எபாக்ஸி ஊற்றி மூடியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை. ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் ஏறும், ரேம் சிப்கள் எரியும். பிளக்கைத் தனியாக வைத்து அளந்து பாருங்கள், 5.2-க்கு மேல் காட்டினால் குப்பைதான். சரியாகக் காட்டினாலும் நம்ப முடியாது, சில சப்ளைகள் சூடேறிய பிறகுதான் தப்பு செய்யும். புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். 5 வோல்ட் டிசியோடு 9 வோல்ட் ஏசியும் தருவதாக இருக்க வேண்டும், ஒலி சிப்புக்கான 12 வோல்ட்டை போர்டு அந்த ஏசியிலிருந்துதான் எடுக்கிறது. அமெரிக்க சப்ளை நம் 230 வோல்ட்டுக்கு ஆகாது.

நல்ல மெஷின் என்றால் ஆன் செய்த சில நொடிகளில் நீலத் திரையில் 38911 பைட் காலி என்று எழுத்து வரும். திரை கறுப்பாகவே இருந்தால் முதல் சந்தேகம் பிஎல்ஏ சிப் மீது. 6510 பிராசஸருக்கு மொத்தமே 64 கேபி முகவரிதான் தெரியும். ரேமே அதை நிரப்பிவிடுகிறது, மேலே 20 கேபி ரோம் (மாற்ற முடியாத நிரந்தர நினைவகம்) வேறு. எந்த முகவரிக்கு யார் பதில் சொல்வது என்று தீர்மானிக்கும் வேலை பிஎல்ஏவுடையது. நன்றாகச் சூடாகும், சீக்கிரம் போகும். ஆறுதல் என்னவென்றால், இதற்கு நல்ல மாற்றுகள் கிடைக்கின்றன. அடுத்த சந்தேகம் எட்டு ரேம் சிப்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள், மற்றவற்றைவிடச் சுடுவது செத்த சிப். சூடே இல்லாமலும் சாகும். அப்போது டெட் டெஸ்ட் என்ற சோதனை கார்ட்ரிட்ஜ் போட்டால் திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதை வைத்து எந்த சிப் என்று சொல்லிவிடலாம்.

விற்பவர் பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) என்பார், என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க டிவி முறை) என்பார். அடியில் முன்பக்கம் உள்ள மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி, போர்டின் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 17.734 மெகாஹெர்ட்ஸ் என்றால் பால், 14.318 என்றால் என்டிஎஸ்சி. ஐரோப்பிய கேம்களும் டெமோக்களும் ஆசை என்றால் பால்தான் வேண்டும்.

இந்த மெஷினின் உயிர் சிட் ஒலி சிப். பாப் யானஸ் வடிவமைத்தது. இதன் பழைய வகையான 6581-இன் ஃபில்டர் (ஒலியை வடிகட்டும் பகுதி) சிப்புக்கு சிப் மாறும், ஒரே பாட்டு இரண்டு மெஷினில் இரண்டு மாதிரி ஒலிக்கும். என் கணக்கில் அது குறையே இல்லை. பிந்தைய 8580 சுத்தமாகப் பாடும், ஆனால் அதற்கு 9 வோல்ட். 12 வோல்ட் போர்டில் அப்படியே செருகினால் சிப் காலி. ஃபில்டர் கெபாசிட்டர்களும் வேறு: 6581-க்கு 470 பிக்கோஃபேரட், 8580-க்கு 22 நானோஃபேரட்.

1541 ஃபிளாப்பி டிரைவுக்குத் தனியாகப் பணம் கொடுப்பது வீண். உள்ளே சொந்த பிராசஸரே வைத்திருந்தும் நொடிக்கு 400 பைட் அளவில்தான் லோடு ஆகும். கமடோரின் முந்தைய கணினியான விக்-20 காலத்து 6522 சிப்பின் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் (பிட்டுகளைத் தானே வரிசையாக அனுப்பும் பகுதி) பிழை இருந்ததால், ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளே தள்ளும்படி செய்தார்கள். அந்த ஏற்பாடு 64-லும் தொடர்ந்தது. டிரைவுக்குப் பதிலாக எஸ்டி2ஐஇசி என்ற கருவி ஒன்று வாங்கினால் எஸ்டி கார்டிலிருந்தே லோடு செய்யலாம். கேம் மட்டும் போதும் என்பவருக்கு இன்றைய கணினியிலேயே கமடோர் 64 போல இயங்கும் வைஸ் எமுலேட்டர் இலவசம், இந்தச் செலவு எதுவும் தேவையில்லை.