கடைசி அரை மில்லிகிராம்: பிள்ளையின் மருந்தை எப்படிக் குறைப்பது?

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு ஏழு வயதில், கடும் எரிச்சலையும் கோபத்தையும் தணிக்கும் ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். தலையைச் சுவரில் மோதுவது நின்றது. அதற்காக அந்தக் குளிசைக்கு இன்றும் நன்றி சொல்வேன். ஆனால் இரண்டு வருடத்தில் பள்ளிக்கூடக் காற்சட்டையை மூன்று தடவை மாற்ற வேண்டி வந்தது. இரவில் எழும்பிப் போய் சோற்றுப்பானையைத் திறப்பான். எடை, சீனி, கொழுப்பு எல்லாம் பார்த்துவிட்டு, குறைத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். சரி, எப்படி?

ஒரேயடியாக நிறுத்துங்கள் என்பதுதான் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரரில் பாதிப்பேரின் யோசனை. டொக்டரிடம் கேட்காமலே ஒருமுறை அதைச் செய்தும் விட்டோம். மூன்றாம் நாள் நித்திரை இல்லை, வாந்தி, உதட்டையும் நாக்கையும் சப்பிக்கொண்டே இருந்தான். மருந்தை விடும்போது பிள்ளைகளுக்கு இப்படித் தன்னையறியாத அசைவுகள் வரலாம், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும் என்று பிறகுதான் தெரிந்தது. கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அங்கே மருந்தை உடனடியாக நிறுத்துவார்கள். அந்த மாதிரி ஆபத்தைத் தவிர இந்த வழிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

இரண்டாவது வழி, சம அளவாகக் குறைப்பது: 2 மில்லிகிராம், 1.5, 1, 0.5, பிறகு ஒன்றுமில்லை. குளிசையை உடைத்தால் போதும். ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் படியில் போவது கால் பங்கு, கடைசிப் படியில் போவது இருப்பது முழுவதும். மூளைக்குள் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. இந்த மருந்து மூளையில் டோபமின் என்ற இரசாயனம் வந்து ஒட்டும் இடங்களை (ஏற்பிகளை) அடைத்துத்தான் வேலை செய்கிறது. சின்ன அளவு மருந்தே அந்த ஏற்பிகளில் நிறைய இடத்தைப் பிடித்துவிடும். அதனால் 2 இலிருந்து 1.5க்கு இறங்குவது பிள்ளைக்கு அவ்வளவாகத் தெரியாது. கடைசி அரை மில்லிகிராமில்தான் தடுமாறுவான்.

நான் நிற்பது மூன்றாவது வழியின் பக்கம். ஒவ்வொரு முறையும் அப்போது இருப்பதில் ஒரு பங்கை மட்டும் எடுப்பது. கால் பங்கு என்றால் 2, 1.5, 1.1, 0.85, 0.6 என்று போகும் (இது உதாரணம்தான், உங்கள் பிள்ளையின் அளவை டொக்டர் சொல்ல வேண்டும்). இப்படிக் குளிசையை உடைக்க முடியாது. மில்லிலீட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள பாணி மருந்தும் 1 மில்லிலீட்டர் சிரிஞ்சும் வேண்டும். பார்மசியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தண்ணீரிலோ தோடம்பழச் சாறிலோ கலக்கலாம், தேத்தண்ணியிலும் கோலாவிலும் கூடாது. அம்மம்மா பாசத்தோடு பிளேன்டீயில் ஊற்றப் போனபோது ஓடிப்போய்த் தடுத்தேன்.

வேகமும் முக்கியம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரிஸ்பெரிடோனால் தேறிய 32 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு ஒவ்வொரு வாரமும் ஆரம்ப அளவில் கால் பங்கை எடுத்தார்கள். அவர்களில் 62.5 வீதமானோருக்குப் பழைய நிலை திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 12.5 வீதம்தான். சில பிள்ளைகளுக்கு மருந்து இன்னும் தேவை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு படி என்பது என் கண்ணுக்கு அவசரம். இறங்கிய சில நாளில் வரும் சிடுசிடுப்பு மருந்து விடுபடுவதால் இருக்கலாம், வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் பழைய பிரச்சினையாக இருக்கலாம். காத்திருந்தால்தானே அது தெரியும்? நித்திரை, கோபம், வாய் அசைவு மூன்றையும் தினமும் கொப்பியில் எழுதுகிறேன். தாங்காவிட்டால் முந்திய படிக்கு ஏறுவோம்.

இதே வகையைச் சேர்ந்த அரிப்பிபிரசோல் என்ற மருந்துக்கு மாற்றுவது இன்னொரு வழி. உடம்பை விட்டு மெதுவாகப் போகும், ரிஸ்பெரிடோன் போல, பால் சுரக்கவைக்கும் புரோலக்டின் ஹோர்மோனையும் ஏற்றாது. ஆனால் சில பிள்ளைகளால் ஒரு இடத்தில் இருக்க முடியாமல் போகும். அது குறைப்பதும் இல்லை, மாற்றுவதுதான்.

ஓகஸ்ட் லீவில் 0.6க்கு வந்தோம். இப்போதைக்கு அங்கேயே நிற்கிறோம். அடுத்த படி டிசம்பர் லீவில், நான் வீட்டில் இருக்கும்போது.