ஊரில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களில், லீவில் ஊருக்குப் போய், அங்கேயே இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு, 6 வாரத்தில் திரும்பி வந்து ஆபீஸில் உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. மேசை வேலைக்கு 6 வாரம் என்று டாக்டர் சொல்வது, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் வேலைக்குப் போகிறவருக்கான கணக்கு. நமக்கு நடுவில் ஒரு நீண்ட விமானப் பயணம் இருக்கிறது. லீவு இடிப்பது அங்கேதான்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டும் அபாயம் முதல் சில வாரங்களில் அதிகம். முழுக்கத் தணிய 3 மாதம் பிடிக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ ஊசியோ பெரும்பாலும் 35 நாள் வரை ஓடும். அதனால் நீண்ட விமானப் பயணத்துக்கு 6 வாரத்துக்கு முன் சம்மதிக்கும் சர்ஜன் அரிது. 3 மாதம் என்று உறுதியாக நிற்பவர்களும் உண்டு. ஊரில் போய் இறங்கியதும், ஆபரேஷனுக்கு முன் 1 வாரமாவது இடைவெளி வேண்டும். பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்த காலோடு நேரே ஆபரேஷன் டேபிளில் ஏறுவது நல்லதல்ல. திரும்பி வந்தபின் இன்னொரு வாரம். கூட்டிப் பார்த்தால் மிகக் குறைந்தது 8 வாரம். 12 வாரம் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். டிக்கெட்டும் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

ஊரில் இறங்கிய அந்த முதல் வாரத்தில் பல்லைப் பார்த்து முடித்துவிடுங்கள். ஈறில் சீழ் இருந்தால் கிருமி ரத்தம் வழியாகப் போய்ப் புது மூட்டில் குடியேறலாம்; எடுக்க வேண்டிய பல்லை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அவசரமில்லாத பல் வேலையை அதன்பின் 3 மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள். 'வந்ததுதான் வந்தோம், திரும்புவதற்குள் பல்லையும் பார்த்துவிடலாம்' என்பது இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது.

ஆஸ்பத்திரி விஷயத்தில் நம் ஆட்கள் அறை, சாப்பாடு, நர்ஸ்களின் கனிவு எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். கையில் வரும் காகிதத்தைத்தான் விட்டுவிடுவார்கள். வழக்கமான டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மூட்டு மாற்றப்பட்டது, நலமுடன் அனுப்பப்பட்டார்' என்ற அளவுக்குத்தான் இருக்கும். வேறு நாட்டில் உங்களைப் பார்க்கப் போகும் டாக்டருக்கு அது போதாது. எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் (பின்பக்கமா, பக்கவாட்டிலா, முன்பக்கமா), மூட்டை எலும்போடு ஒட்ட சிமெண்ட் போட்டதா போடாததா, காலில் முழு எடை வைக்கலாமா, எந்தெந்த அசைவு எத்தனை வாரம் கூடாது, ரத்தம் உறையாத மருந்தின் அளவும் கடைசித் தேதியும் எழுதிக் கேளுங்கள். எக்ஸ்ரேயை போனில் எடுத்த படமாக வாங்காமல், மூல டிஜிட்டல் கோப்பாகவே வாங்குங்கள்.

இன்னொன்று, ஸ்டிக்கர். புது மூட்டுக்கு வழக்கமாக நான்கு பாகம்: இடுப்பெலும்புக் குழிக்குள் போகும் கிண்ணம், அதற்குள் ஒரு உறை, பந்து, தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டு. ஒவ்வொன்றின் பெட்டியிலும் தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்பதற்கான எண்) அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதை உரித்து ஆபரேஷன் குறிப்பில் ஒட்டுவார்கள். பந்தின் ஸ்டிக்கரில் 28, 32, 36 என்று மில்லிமீட்டரில் விட்டமும் இருக்கும். அந்தப் பக்கத்தின் நகல் கட்டாயம் வேண்டும். 15 வருடம் கழித்து உறை தேய்ந்து, பந்தையும் உறையையும் மட்டும் மாற்றினால் போதும் என்று வந்தால், தண்டின் கழுத்துக்குப் பொருந்தும் பந்து எது என்று இந்த எண்தான் சொல்லும். எண் இல்லையென்றால் நன்றாகப் பிடித்திருக்கும் தண்டைக்கூடப் பெயர்த்தெடுக்க வேண்டி வரலாம்.

வீட்டுக்கு வந்தபின் எல்லாமே உயர விவகாரம். பின்பக்கமாகத் திறந்தவருக்கு இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போகக் கூடாது, பாதம் உள்பக்கம் திரும்பக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் பந்து பின்னால் நழுவும். தாழ்வான சோபாவிலிருந்து எழும்போது இது நடக்கும். உட்கார்ந்தபடி செருப்பின் வாரை எட்டி மாட்டும்போதும் நடக்கும். முன்பக்கமாகத் திறந்தவருக்கு விதி ஏறத்தாழ நேர்மாறு: காலை ரொம்பப் பின்னால் நீட்டுவதும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இருக்கையின் உயரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு. வெறுங்காலோடு நின்று, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, 5 செ.மீ. கூட்டுங்கள். மடிப்பு 43 செ.மீ. என்றால் நாற்காலி, கட்டில், கழிப்பறை மூன்றும் 48 செ.மீ. இருக்க வேண்டும். கட்டிலை அளக்கும்போது மெத்தையின் மேல் யாராவது உட்கார்ந்திருக்கட்டும்; சும்மா இருக்கும்போது 50 காட்டும் மெத்தை, உட்கார்ந்தால் 42க்கு இறங்கிவிடும். சாதாரண கமோட் 38 முதல் 40 செ.மீ.தான். அதன்மேல் வைக்கும் உயர்த்தி 5, 10, 15 செ.மீ. அளவுகளில் வரும். வாடகைக்குத் தருகிறவர்கள் கையில் எது இருக்கிறதோ அதை அனுப்பிவிடுவார்கள். குள்ளமானவருக்கு 15 செ.மீ. வந்தால் பாதம் தரையில் பதியாது, முன்னால் சறுக்குவார். போனில் 'ஆபரேஷன் ஆனவருக்கு ஒன்று' என்று கேட்காமல் செ.மீ.யில் கேளுங்கள். வந்ததும் முன்னால் இருக்கும் திருகைப் பூட்டி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறையும் தரையில் உட்காருவதும் சர்ஜன் அனுமதிக்கும் வரை கிடையாது. சிலருக்கு எப்போதுமே கிடையாது.

கைத்தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடிப்பது ஆபரேஷன் ஆன பக்கத்துக்கு எதிர்க் கையில். வலிக்கிற பக்கமே ஊன்றத்தான் மனம் சொல்லும், ஆனால் எதிர்க் கையில் பிடித்தால்தான் இடுப்பைத் தாங்கும் தசையின் சுமை குறையும். அடியில் இருக்கும் ரப்பர் குமிழ் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால், ஈரத் தரையில் வழுக்குவது அதுதான். வாடகைத் தடியில் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபி சேவைதான் ஊரில் கிடைப்பதிலேயே பெரிய வசதி. ஆள் நல்லவரா என்று ஒரே கேள்வியில் தெரிந்துவிடும்: முதல் நாளே 'எந்தப் பக்கமாகத் திறந்தார்கள், என்னென்ன கூடாது என்றார்கள்' என்று அவர் கேட்கிறாரா? கேட்காமல் காலைத் தூக்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். பின்பக்கமாகத் திறந்தவரின் முழங்காலை எதிர்த் தோளை நோக்கி இழுத்துப் புட்டத் தசையை நீட்டுவது மூட்டை நழுவவிடும் வேலை. உலோகம் இருக்கும் இடத்தில் ஷார்ட்வேவ் டயதெர்மி (மின் அலையால் சூடேற்றும் சிகிச்சை) வைக்கக் கூடாது. உலோகம் சூடேறிச் சுற்றியுள்ள சதையைச் சுடும். வீங்கிய கெண்டைக்காலை எண்ணெய் போட்டு நீவிவிடுவது எல்லாவற்றிலும் மோசம். அது ரத்தக்கட்டியாக இருந்தால் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

நடைப்பயிற்சியோடு, நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சி வாரத்துக்கு வாரம் கூட வேண்டும். ஆபரேஷன் ஆன காலில் மட்டும் 10 வினாடி நின்றால் எதிர்ப் பக்க இடுப்பு கீழே சரியாமல் இருக்கிறதா? அப்படி நிற்க முடிவதற்குமுன் தடியை விட்டால், விந்தி விந்தி நடக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரு கால் நீளமாகத் தெரிகிறது என்று செருப்புக்கு அட்டை வைக்க அவசரப்பட வேண்டாம். இறுகிய தசை தளரத் தளரப் பலருக்கு அது தானாகச் சரியாகிவிடும்.

தையலையோ கிளிப்பையோ 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். கிளிப்பை நடுவில் அழுத்தி இரண்டு முனையையும் ஒருசேரக் கிளப்பும் தனிக் கருவி இருக்கிறது. வீட்டுக்கு வரும் நர்ஸ் அதைக் கொண்டுவருவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். 5 நாளுக்குப் பிறகும் காயத்தில் ஈரம் கசிந்தால் கட்டு மாற்றிக்கொண்டே இருக்காமல் அன்றே சர்ஜனிடம் போக வேண்டும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டால் காய்ச்சல் அடங்கும். கிருமி உள்ளே இருக்கும், பிறகு எடுக்கும் கல்ச்சரிலும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அது என்னவென்று தெரியாமல் போகலாம்.

கார் சுருக்கமாக: முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, சாய்த்து, சுலபமாகத் திரும்ப மேலே ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பவும். வண்டி கிளம்புமுன் பையை உருவிவிடவும். இருசக்கர வண்டியின் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து போவது வேண்டவே வேண்டாம்.

விமானத்துக்கு வருவோம். வீல்சேர் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் பதிவு செய்ய வேண்டும். அதில் மூன்று வகை, ஒவ்வொன்றுக்கும் விமான நிறுவனங்கள் ஒரு குறியீடு வைத்திருக்கின்றன. டபிள்யூசிஎச்ஆர் என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது. டபிள்யூசிஎச்எஸ் என்றால் படி ஏற முடியாது. டபிள்யூசிஎச்சி என்றால் இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும். வெறுமனே 'வீல்சேர்' என்றால் முதல் வகையைப் போட்டுவிடுவார்கள். பஸ்ஸில் கொண்டுபோய் விமானப் படிக்கட்டின் அடியில் நிறுத்தினால் நீங்களேதான் ஏற வேண்டும். 12 வாரத்துக்குள் பயணம் என்றால் இரண்டாம் வகையைக் கேளுங்கள். வீல்சேர் பயணிகளைக் கடைசியில்தான் இறக்குவார்கள். மாறும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் போதாது, 3 மணி நேரமாவது வேண்டும். தள்ளுகிற நாற்காலி பெரும்பாலும் தாழ்வு, துணி தொய்ந்திருக்கும். கெட்டியான குஷன் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், விமானத்திலும் உதவும்.

இருக்கை நடைபாதை ஓரமாக, ஆபரேஷன் ஆன கால் நடைபாதைப் பக்கம் வரும்படி இருக்க வேண்டும். 3-3 என்று அமைந்த விமானத்தில் வலது இடுப்புக்காரருக்கு சி, இடது இடுப்புக்காரருக்கு டி. அவசர வழி வரிசை வீல்சேர் பயணிக்குக் கிடைக்காது. தடுப்புச் சுவரை ஒட்டிய முன்வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு, ஆனால் கைப்பிடி மேலே தூக்காது. மற்ற வரிசைகளில் நடைபாதைப் பக்கக் கைப்பிடியின் அடியில், அது இருக்கையோடு சேரும் மூட்டுக்குப் பக்கத்தில், விரலால் தடவினால் ஒரு சின்ன நெம்பு தட்டுப்படும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும்பும், இடுப்பை மடக்காமல் பக்கவாட்டில் இறங்கலாம். எல்லா வரிசையிலும் அது இருக்காது. பணியாளரைக் கேட்டால் சொல்வார். மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள்.

விமான நிலையத்தில் உலோகம் கண்டுபிடிக்கும் சோதனை வாசலைத் தாண்டும்போது மணி அடிக்கும். டாக்டர் கடிதத்தைக் காட்டினால் சோதனை நின்றுவிடாது, விளக்கம் சொல்லும் வேலை குறையும், அவ்வளவே. உடம்பின் மேற்பரப்பை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் இருந்தால் அதைக் கேளுங்கள். உள்ளே இருக்கும் உலோகம் அதில் தெரியாது. ஊசி மருந்து கைப்பையில், மருந்துச் சீட்டோடு. டிரமடால் போன்ற வலி மாத்திரைக்குச் சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. இறங்கும் நாட்டின் விதியையும் வழியில் மாறும் நாட்டின் விதியையும் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது சான்றிதழில் 'லேசான வேலை' என்று எழுதி வாங்காதீர்கள். அதற்கு மேலாளர் என்ன அர்த்தம் வேண்டுமானாலும் வைப்பார். தொடர்ந்து 40 நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, முதல் 2 வாரம் அரை நாள், கைப்பிடியுள்ள 48 செ.மீ. நாற்காலி என்று உங்கள் சர்ஜன் சொல்லும் எண்களோடு இருக்கட்டும். அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி நீங்கள் எழும்போது பின்னால் ஓடும், அதைச் சுவரோடு அணைத்து வையுங்கள். மாலையில் கால் வீங்குவது சில மாதம் வரை சகஜம். காலையில் எழும்போதும் வடியாமல், ஒரு பக்கக் கெண்டை மட்டும் வலியோடு வீங்கினால் அன்றே ஸ்கேன். மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ். நின்று செய்யும் வேலைக்கு 3 மாதம், சுமை தூக்குவதற்கு 6 மாதம் வரைகூட ஆகும். வலது காலில் ஆபரேஷன் என்றால், அவசரமாக பிரேக்கை மிதிக்க முடிகிறதா என்று நிறுத்திய காரில் பார்த்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிட்டே ஓட்ட வேண்டும்.

ஊர் சர்ஜன் வீடியோ அழைப்பில் பார்க்கிறேன் என்பார். பார்க்கட்டும், ஆனால் மூட்டை நேரில் தொட்டுப் பார்க்க இங்கே ஒரு எலும்பு டாக்டர் வேண்டும், அவரிடம் கிளம்புமுன்பே நேரம் வாங்கியிருக்க வேண்டும். ஆபரேஷன் ஆகி ஒரு வருடத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயை, முதல் படம் எடுத்த அதே கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். தண்டு சில மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தால், இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணில் படும்.