பனியன் பிரிண்டிங்குக்கு எந்தத் தடித்த செரிஃப்: பொடோனியா, கிளாரெண்டனா, கூப்பர் பிளாக்கா?

திருப்பூரில் பிரிண்ட் ஆகி வரும் எழுத்து கெட்டிருந்தால் பழி முதலில் இங்க் மேல் விழும், அடுத்து ஸ்கிரீன் மேல். எழுத்துருவை யாரும் சந்தேகப்படுவதில்லை. தடித்த செரிஃப் (கோட்டின் நுனியில் சிறு அடிக்கட்டை உள்ள எழுத்துரு) என்று பைல் போட்டாலும், ஸ்கிரீனில் அதன் தலையெழுத்தை முடிவு செய்வது மெலிந்த கோடுதான்.

பொடோனி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் பார்மாவில் வழவழப்பான தாளுக்காக வெட்டப்பட்டது. போல்டு ஆக்கினால் நிமிர்ந்த கோடு மட்டும் பருக்கும். ஆங்கில ‘எச்’சின் குறுக்குக் கோடு மயிரிழையாகவே நிற்கும். ஸ்கிரீனின் வலைதான் மெஷ்: 43டி மெஷ்ஷில் சென்டிமீட்டருக்கு 43 நூல், அதாவது நூலுக்கு நூல் ஏறக்குறைய 0.23 மி.மீ. அதில் 0.3 மி.மீ. கோடு வைத்தால் ஓரம் ரம்பப்பல்லாக வரும், சில இடம் ஸ்கிரீனை ஒளியில் எக்ஸ்போஸ் செய்த பிறகு கழுவும்போதே திறக்காது. இன்னும் நெருக்கமான 77டி போட்டால் கோடு தெளியும். ஆனால் கருப்புப் பனியனில் வெள்ளை இங்க் கனமாக இறங்காது, துணி நிறம் எட்டிப்பார்க்கும். மெலிந்த கோடு 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் பொடோனியைப் பனியனுக்கு எடுக்காதீர்கள். பனியனில் தொங்கும் ஹேங்டேக் அட்டைக்கு அதைவிட அழகானது இல்லை.

கிளாரெண்டன் 1845-இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டது. அகராதியில் தலைச்சொல் கண்ணில் படுவதற்கான எழுத்து. மூன்றாண்டுப் பாதுகாப்பு முடிந்ததுமே போட்டிக்காரர்கள் காப்பியடித்தார்கள் என்பதே அதன் தரத்துக்குச் சான்றிதழ்! தடிப்புக்கும் மெலிவுக்கும் வித்தியாசம் குறைவு. செரிஃப் மொண்ணையாக, தண்டோடு வளைந்து சேரும். அதனால் 43டியிலும் உடையாது. ஒரே தொல்லை அகலம். பெயர் நீளமாக இருந்தால் லேபிளில் அடங்காது. அப்போது பக்கவாட்டில் அமுக்கினால் நிமிர்ந்த கோடு இளைத்து, எழுத்தே கோணலாகத் தெரியும். அமுக்காமல், குறுகலாகவே வரைந்த கண்டென்ஸ்டு வடிவத்தை எடுங்கள்.

கூப்பர் பிளாக் (1922, சிகாகோ, ஆஸ்வால்ட் கூப்பர்) நேர் எதிர். உடைய மெலிந்த கோடே இல்லை, அடைபட ஓட்டை உண்டு. வாஷ்கேர் லேபிளில் 6 பாயிண்டில் ஆங்கில ‘e’, ‘a’ உள்ளே இங்க் தேங்கிக் கரும்புள்ளியாகும். நெஞ்சில் 5 செ.மீ. உயரத்துக்கு அடித்தால் கச்சிதம். ஆனால் பிளாஸ்டிசால் (சூட்டில் இறுகும் இங்க்) பரப்பு பெரிது: மேல்தோல் காய்ந்து, அடியில் 160 டிகிரி எட்டாமல் போனால் இழுத்ததும் விரிசல் விடும். முதல் பீஸை இழுத்துப் பார்த்துவிட்டே லாட்டை ஓட்டுங்கள்.

தமிழும் சேர்ந்து வருகிறதா? இந்த மூன்றிலும் தமிழ் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் பிளாக் (மிகத் தடித்தது) வரை எடை இருக்கிறது. கிளாரெண்டனுக்குப் பக்கத்தில் அதுவே பொருந்தும். டைரோ தமிழ் வடிவில் நேர்த்தி, ஆனால் போல்டு கிடையாது. சாஃப்ட்வேர் பட்டனில் பருக்க வைத்தால் ‘ண’, ‘ற’ சுழிகள் உள்ளுக்குள்ளேயே அடைந்துவிடும். பழைய இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேரில் இந்திய மொழி ஆப்ஷனைத் திறக்காமல் ‘கொங்கு’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதைச் சரிபார்த்து, எழுத்தை அவுட்லைன் (வெறும் வடிவம்) ஆக்கிய பிறகே ஃபிலிம் எடுங்கள்.