எண்ணா, ஊரா, மீனா: பயிற்சி நிலையக் கணினிகளுக்குப் பெயர் வைத்தல்

மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள எங்கள் பயிற்சி நிலையத்தின் கணினிகளை அண்மையில் புதிய வலையமைப்புக்கு மாற்றியபோது, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் வைப்பது என்று முடிவுசெய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. கைவசம் இருந்த தெரிவுகள் நான்கு: ஆசன வரிசைப்படி எண், கணினி செய்யும் வேலையைக் குறிக்கும் பெயர், ஊர்ப் பெயர், மீன் பெயர். நாங்கள் மீனைத் தெரிவுசெய்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பெயரே வைக்காமல் விட்டுவிடுவதை நான் ஒரு தெரிவாகக் கருதவில்லை. விண்டோஸ் 10 நிறுவப்பட்டதும், ‘டெஸ்க்டொப்’ என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைக்கோடும், எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு குறிகளும் சேர்ந்த பெயரொன்றைத் தானாகவே சூட்டிக்கொள்ளும். அதை எவரும் வாயால் சொல்லப் போவதில்லை. எந்தப் பெயரானாலும் விண்டோஸ் வலையமைப்பில் 15 எழுத்துக்குள் அடங்குவது நல்லது. ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றைத் தாண்டாதிருப்பது பாதுகாப்பு. தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கேட்டார். 2010இலிருந்து ‘.இலங்கை’ என்ற ஆள்களப் பெயரே புழக்கத்தில் இருக்கிறது என்றாலும், இணையத்தின் பெயர் முறைமை அதனை உள்ளுக்குள் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கையாளுகிறது. எனவே பெயர் தமிழாகவும் எழுத்து ஆங்கிலமாகவும் இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். கணினிப் பெட்டியின் முகப்பில் ஒட்டும் துண்டில் மட்டும் தமிழில் எழுதினோம்.

எண்ணுக்குச் சார்பாகச் சொல்லக்கூடியவை எல்லோருக்கும் தெரிந்தவையே. யோசிக்க வேண்டியதில்லை, தீர்ந்துபோகாது, புதிதாக வருபவருக்கு விளக்கம் தேவையில்லை. பரீட்சை நடத்தும்போது ஆசன இலக்கத்துக்கும் கணினிக்கும் பொருத்தம் இருப்பது வசதியானது. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஆசனம் ஓரிடத்தில் நிற்கும், கணினி நிற்காது. கடலோரத்தில் இருக்கும் எங்கள் நிலையத்தில் உப்புக்காற்று பட்டு, ரேம் எனப்படும் நினைவகப் பலகையின் தொடுமுனைகள் மங்கிவிடும். மாரி காலத்தில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். திடீரென்று ஒரு கணினி திரையைக் காட்டாமல் பீப் ஒலி எழுப்பத் தொடங்கினால், மூடியைக் கழற்றி, ரேமை எடுத்து, பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்துவது எங்களுக்குப் பழகிப்போன வேலை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதற்கு நேரம் இராது. பழுதான ஏழாம் இலக்கக் கணினியைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, பின்வரிசையில் சும்மா கிடக்கும் பத்தொன்பதாம் இலக்கத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிடுகிறோம். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தபின், ஏழாவது ஆசனத்தில் பத்தொன்பது இருக்கிறது, பத்தொன்பதாவதில் மூன்று இருக்கிறது. ‘ஏழில் மௌஸ் வேலை செய்யவில்லை’ என்று மாணவர் சொன்னால் ஆசனத்தைச் சொல்கிறாரா கணினியைச் சொல்கிறாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டுமானால் இடம் மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றி, கணினியை மீள இயக்கி, அதன் பெயரில் பகிரப்பட்டிருந்த கோப்புறைகளையும் அச்சியந்திரத்தையும் மற்றக் கணினிகளில் மறுபடி இணைக்க வேண்டும். அப்படிச் செய்தாலோ பழுதுப் பதிவேடு பயனற்றுப் போகும். சென்ற மாரியில் ‘ஏழு’ என்று எழுதப்பட்ட மின்வழங்கிக் கோளாறு இன்றைய ஏழின் கோளாறல்ல.

மீன் பெயர் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கொடுவா’ எந்த மேசைக்குப் போனாலும் கொடுவாதான். பதிவேட்டில் அதற்கென ஒரு பக்கம் உண்டு: எப்போது ரேம் துடைக்கப்பட்டது, எப்போது பழைய வன்தட்டு கழற்றப்பட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி தேக்ககம் போடப்பட்டது, எந்தக் கடையில் திருத்தப்பட்டது என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கணினி இனி உதவாது என்று ஒதுக்கப்படும்போது பெயரும் அதனுடன் போகிறது. புதிதாக வருவதற்கு வேறு மீன். பரீட்சைக்காக ஆசன இலக்கத்தை மேசையில் தனியே ஒட்டியிருக்கிறோம்.

தொலைபேசியில் பேசும்போதும் இதன் பயன் தெரிகிறது. திருத்துநர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார், அல்லது இன்னொரு கடையின் இரைச்சலில் நிற்பார். ‘ஏழு’, ‘பதினேழு’ இரண்டையும் அவர் பிரித்துக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம். ‘திருக்கை படுத்துவிட்டது’ என்றால் இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை, சிரிப்பும் இலவசம்.

வேலையைக் குறிக்கும் பெயர்கள் முதல் வருடத்தில் அழகாக இருக்கும். கணக்கறையில் உள்ளதற்குக் ‘கணக்கு’, வரவேற்பிடத்தில் உள்ளதற்கு ‘வரவேற்பு’. கணக்காளருக்குப் புதிய கணினி வாங்கிக்கொடுத்து, பழையதை வரவேற்பிடத்துக்கு நகர்த்தியதும் குழப்பம் தொடங்கிவிடும். கணினிக்குப் பெயர் தெரிவுசெய்வது குறித்து டொன் லிப்ஸ் என்பவர் 1990இல் எழுதி, இணையத் தரநிலை ஆவண வரிசையில் 1178ஆம் இலக்கத்துடன் வெளியான குறிப்பு, ஒரு கணினிக்கு மட்டுமே உரிய பணியின் பெயரை அதற்கு வைக்காதீர்கள் என்று அப்போதே எச்சரித்திருக்கிறது. சொந்தப் பெயரை வைக்காதீர்கள், நீளமான பெயர் வேண்டாம், ஒரே கருப்பொருளில் அமைந்த பெயர்கள் நல்லவை என்பனவும் அதில் உண்டு. ஆயினும் ஒரு விலக்கு இருக்கிறது. மாணவர் கோப்புகளைத் தேக்கிவைக்கும் சேவையகத்தை எல்லாக் கணினிகளும் பெயரைக் கொண்டே தேடுவதால், அதற்குக் ‘கோப்பு’ என்ற இரண்டாவது பெயரை வலையமைப்பின் பெயர்ப் பட்டியலில் மாற்றுப்பெயராகச் சேர்த்திருக்கிறோம். நாளை வேறு பெட்டி வந்தால் அந்த மாற்றுப்பெயரைப் புதியதன் பக்கம் திருப்பிவிட்டாற் போதும். பெட்டியின் சொந்தப் பெயர் ‘பாடுமீன்’. அதன் மின்விசிறி எழுப்பும் ஓசையைக் கேட்டவர்கள் காரணம் கேட்பதில்லை.

ஊர்ப் பெயர்களுக்கு ஊழியர் மத்தியில் நல்ல ஆதரவு இருந்தது. வாகரை தொடங்கிப் பொத்துவில் வரை வரிசையாக வைத்தால் வகுப்பறையே கரையோர வரைபடமாகிவிடும் என்றார்கள். ஆசை நியாயமானது, நடைமுறை இடம் கொடுக்கவில்லை. களுவாஞ்சிக்குடி என்பதை ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் வடிவில் 14 எழுத்துகள். 15 என்ற எல்லைக்கு ஒன்றே குறைவு. அதன் கடைசி எழுத்தை ஒருவர் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதுவார். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், எங்களுக்குக் கல்முனையில் ஒரு கிளை இருப்பது. ‘கல்முனை இணைப்பில் இல்லை’ என்று செய்தி வந்தால் ஒரு கணினியா, முழுக் கிளையுமா? தெய்வப் பெயர்களை ஒருவர் முன்மொழிந்தார். ‘முருகனுக்கு வைரஸ் பிடித்திருக்கிறது’ என்று சொல்ல எனக்கு மனம் வராது என்றதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. மீனில் இந்த வில்லங்கம் இல்லை. கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பாரை பாரைதான்.

மீன்களிலும் பொறுக்கியெடுக்கத்தான் வேண்டும். சூடை, சூரை இரண்டையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது. ஆங்கில எழுத்தில் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. இறால், நண்டு, கணவாய், விரால், சீலா, வாளை, அறக்குளா ஆகியவை காதுக்கும் கைக்கும் இலகுவானவை. ‘நெத்தலி’யை மெலிந்த பையன் ஒருவனுக்கு ஒதுக்கினால் வகுப்பு அரைமணி நேரம் ஓடாது என்பதால் அதை ஆசிரியர் மேசைக்குக் கொடுத்துவிட்டோம்.

இந்த முறை எங்கள் அளவுக்குப் பொருந்துகிறது என்பதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல இயலாது. நூற்றுக்கணக்கான கணினிகளை நான் நிர்வகித்ததில்லை. பெரிய தரவு நிலையங்களை நடத்துபவர்கள், சேவையகங்களைப் பெயர் சொல்லி வளர்க்கும் செல்லப்பிராணிகளாகவன்றி எண்ணிட்ட மந்தை மாடுகளாகவே நடத்த வேண்டும் என்பார்கள். ஒன்று பழுதானால் திருத்தாமல் நீக்கிவிட்டு இன்னொன்றை எழுப்புவது அவர்கள் வழக்கம், ஆகவே எண்ணே அங்கு பொருத்தம். நாங்களோ ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, துடைத்து, இன்னொரு வருடம் ஓட்டுபவர்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பட்டிக்காரர் குறி சுட்ட பெரும் பட்டியிலும் தம் மாடுகளை நிறத்தையும் கொம்பையும் வைத்து அடையாளம் சொல்வார் என்பதையும் அந்தத் தரவு நிலையக்காரர்களுக்குச் சொல்லிவைக்கலாம்.

கல்முனைக் கிளையின் கணினிகளுக்கு அடுத்து பெயரிட வேண்டும். அங்கு பறவைப் பெயர்கள் என்று பேசி முடித்திருக்கிறோம். அதே அம்பாறை மாவட்டத்தில் குமனைப் பறவைகள் சரணாலயம் இருக்கும்போது பறவைக்குப் பஞ்சம் வராது, பெயரைக் கேட்டதுமே எந்தக் கிளை என்பதும் தெரிந்துவிடும். கொக்கு, நாரை, மைனா, ஆந்தை என்று பட்டியல் நீள்கிறது. மயிலை மட்டும் விலக்கிவைத்திருக்கிறோம். ‘மயில் வேலை செய்யவில்லை’ என்று தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் மின்னஞ்சலைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்.