ஆற்று நீரில் ஆன்டிபயாடிக்: கார்ட்ரிட்ஜா, நானோ இழையா?

ஹைதராபாத்தை ஒட்டிய படான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த மருந்தை உட்கொள்பவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம். அத்தனை மருந்தைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. ஆனால் கிருமிகளிடம் எதிர்ப்புத்திறன் வளராமலிருக்க ஆய்வாளர்கள் முன்வைத்த வரம்பு லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம், கிட்டத்தட்ட ஐந்து லட்சம் மடங்கு குறைவு. நீரிலிருந்து மருந்தைப் பிடித்து அளக்கும் வழிகளுக்குள் போட்டியெல்லாம் அந்த அளவில்தான்.

வழக்கமான வழி, கார்ட்ரிட்ஜ்: மருந்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் அடைத்த சிறு குழாய். நீரை வடிகட்டி, அமிலம் சேர்த்து, டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்சியமும் மக்னீசியமும் பிடித்துக்கொள்ளாதபடி, அவற்றைக் கட்டிப்போடும் இடிடிஏ போட்டு, ஒரு லிட்டரைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். பிறகு மெத்தனாலில் கழுவி, நைட்ரஜன் ஊதி வற்றவைத்தால்தான் மருந்தை அடையாளம் கண்டு அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகும். பாதி நாள் போய்விடும். ஆனாலும் ஒரே கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் இன்றும் அடுத்த மாதமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1694-ஆம் எண் முறையும் இந்த வழியில்தான் போகிறது.

இரண்டாவது, கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாக மருந்தைப் பிடிக்கும் நானோ இழை. இதை உயர் மின்னழுத்தத்தில் பாலிமர் கரைசலிலிருந்து நூற்கிறார்கள். இழைகள் படிந்த பாயை அலுமினியத் தாளிலிருந்து உரித்தால் வெங்காயத் தோல் மாதிரி வரும். சில மில்லிகிராம் போதும்; நீரும் குறைவு, கழுவ மெத்தனாலும் குறைவு, பல சமயம் வற்றவைக்கும் வேலையே இருக்காது. எனக்கு இதில் பிடித்தது இதுதான். ஆனால் பாலிமரைப் பார்த்து எடுக்க வேண்டும். வெறும் பாலிவினைல் ஆல்கஹால் இழை நீரிலேயே கரைந்துவிடும். பாலிஸ்டைரீனுக்குத் தண்ணீரே ஆகாது, நீரில் நன்றாகக் கரையும் மருந்துகளை அது சரியாகப் பிடிக்காது. நைலான்-6 தாக்குப்பிடிக்கும். இன்னொரு தலைவலி, நூற்கும் நாளின் காற்று ஈரப்பதம். அது மாறினால் இழையின் தடிமனும் மாறும், பிடிக்கும் அளவும் மாறும். ஆலைக் கழிவுநீரில் மெல்லிய பாய் சீக்கிரமே நிரம்பியும் போகும்.

மூன்றாவது, ஒளிரும் பட்டை. இழையில் யூரோப்பியம் என்ற உலோகம் இருந்தால், டெட்ராசைக்ளின் பட்டதும் புற ஊதா விளக்கில் சிவப்பாக மின்னும். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் ஆக்சிடெட்ராசைக்ளினுக்கும் டாக்ஸிசைக்ளினுக்கும் அதே சிவப்புதான். இலை மக்கிப் பழுப்பேறிய நீரில் ஹியூமிக் அமிலம் ஒளியை விழுங்கிவிடும். சுத்த நீரில் மருந்தைக் கலந்து, கண்டறிய முடிந்த மிகக் குறைந்த அளவைக் காட்டி ஆற்றுக்கும் இது போதும் என்பவர்களை நான் நம்புவதில்லை.

இந்தியாவில் 2020 ஜனவரி வரைவில் ஆலைக் கழிவுக்கு ஆன்டிபயாடிக் வரம்புகள் இருந்தன. 2021-ல் வந்த இறுதி அறிவிக்கையில் அவை இல்லை. நாளை வரம்பு வந்து ஓர் ஆலை வழக்குப் போட்டால், அறிக்கை கார்ட்ரிட்ஜில் எடுத்ததாக இருப்பதே நல்லது. மாணவர் ஒருவர் ஓடை நெடுக முப்பது இடத்தில் மாதிரி எடுக்கிறார் என்றால் நைலான் பாயையே சொல்வேன், ஒவ்வொரு நூற்புக்கும் தெரிந்த அளவு மருந்து கலந்த நீரில் மீட்பு விகிதம் (கலந்ததில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று) பார்த்துவிட்டு. பட்டை, எந்தக் குழாயடியில் முதலில் பாட்டிலை நிரப்புவது என்று முடிவுசெய்ய மட்டும், அதுவும் டெட்ராசைக்ளின் தயாரிக்கும் இடமாக இருந்தால்.