சேர்ந்து ஆட எது: சீக்ரெட் ஆஃப் மானாவா, ஃபோர் சோர்ட்ஸ் அட்வென்ச்சர்ஸா?

நண்பர்களோடு உட்கார்ந்து ஆடப் பழைய ஃபேன்டசி சாகச கேம் ஒன்று வேண்டும் என்றால், எனக்கு முதலில் தோன்றுபவை இரண்டு. ஒன்று, 1993-ல் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கு ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட சீக்ரெட் ஆஃப் மானா. மற்றது, 2004-ல் நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு வந்த செல்டா வரிசையின் ஃபோர் சோர்ட்ஸ் அட்வென்ச்சர்ஸ். பக்கத்தில் இருப்பவர் எழுந்து போனால் ஆட்டம் எவ்வளவு இழக்கிறது என்பதை வைத்தே இரண்டையும் எடைபோடுகிறேன்.

மானாவில் இழப்பு குறைவு. நாயகனோடு ஒரு பெண்ணும் ஸ்பிரைட் என்ற குட்டி மாய உயிரும் குழுவில் சேர்ந்த பிறகு, யார் வேண்டுமானாலும் பாதியில் கன்ட்ரோலரை எடுக்கலாம். கீழே வைத்தால் அந்தப் பாத்திரத்தை கேமே நடத்திக்கொள்ளும். மூன்றாவது ஆளுக்கு மல்டிடாப் (கூடுதல் கன்ட்ரோலர்களைச் செருக உதவும் கருவி) தேவை. நாயகனுக்கு மந்திரம் வராது. காயம் ஆற்றுவது பெண், எதிரியைச் சுட்டெரிப்பது ஸ்பிரைட் என்று வேலை பிரிந்திருப்பதால், புதிதாக ஆடுபவருக்கும் உடனே ஒரு பொறுப்பு கிடைக்கிறது. ஆனால் மந்திரமோ ஆயுதமோ தேர்ந்தெடுக்க யாராவது வளைய மெனுவைத் திறந்தால் எல்லோரும் உறைந்து நிற்க வேண்டும். பாஸ் சண்டையில் மந்திரத்தை அடுத்தடுத்து ஏவத் தொடங்கிவிட்டால், வாளோடு நிற்பவருக்குச் செய்ய அதிகம் இருக்காது. என்னை உறுத்தும் குறை அதுதான்.

ஃபோர் சோர்ட்ஸ் அட்வென்ச்சர்ஸ் வேறு ரகம். செல்டா வரிசையின் நாயகன் லிங்க்; இங்கே பச்சை, சிவப்பு, நீலம், ஊதா என்று நான்கு லிங்க்குகள். பெரிய பாறையைத் தள்ளப் பல பேர் தோள் கொடுக்க வேண்டும். ஒருவர் கையில் ஒரு கருவிதான் இருக்கும் என்பதால், வில்லை யார் எடுப்பது, பூமராங்கை யார் எடுப்பது என்று பேசித்தான் ஆக வேண்டும். குகைக்குள் நுழைந்தவரின் காட்சி டிவியிலிருந்து அவர் கையில் இருக்கும் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் கருவிக்குப் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் வாயால் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அங்கே கிடைத்ததைச் சொல்லாமல் அமுக்கிக்கொள்ளவும் வழி உண்டு! வாளுக்குச் சக்தி ஏற்ற 2,000 ஃபோர்ஸ் ஜெம் சேர்த்தாக வேண்டும்; அந்த ஜெம்களுக்காகவே ஒருவரை ஒருவர் தூக்கி எறிவதும் நடக்கும். தனியாக ஆடினால் நான்கு லிங்க்குகளும் அணிவகுத்து உங்கள் சொல்படி நடப்பார்கள். புதிர்கள் அப்படியே இருக்கும், இந்தக் கலகலப்பு காணாமல் போய்விடும்.

தடை, கருவிகள்தான். சேர்ந்து ஆட ஒவ்வொருவருக்கும் ஒரு கேம் பாய் அட்வான்ஸும் அதை இணைக்கும் கேபிளும் வேண்டும். மானாவுக்கு அந்தப் பாடு இல்லை. 2019-ல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த, பழைய மானா கேம்களின் தொகுப்பான கலெக்ஷன் ஆஃப் மானாவிலும் சேர்ந்து ஆடலாம்.

2015-ல் நின்டெண்டோ 3டிஎஸ் கையடக்கக் கருவிக்கு வந்த, செல்டா வரிசையின் இன்னொரு கூட்டு கேமான ட்ரை ஃபோர்ஸ் ஹீரோஸை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. அதைத் தனியாக ஆடலாம், மூவராக ஆடலாம். இருவராக ஆட முடியாது.

கூட்டாக ஆடும் அனுபவத்தில் என் ஓட்டு ஃபோர் சோர்ட்ஸ் அட்வென்ச்சர்ஸுக்கே. ஒருவர் கைதேர்ந்தவர், மற்றவர் இப்போதுதான் கன்ட்ரோலர் பிடிக்கிறார் என்றால் மட்டும் மானாவை எடுங்கள். புதியவருக்கு முதலில் ஸ்பிரைட்டைக் கொடுங்கள்.