சுங்கை சிப்புட் படக்கடை: தலைவர் படத்தை நம்பிக் கொடுக்கலாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில், சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் பழைய கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் போனதால் ஊரில் எல்லாரும் அதைப் படக்கடை என்றே சொல்கிறார்கள். முருகன், மாரியம்மன், முனீஸ்வரர் படங்கள்தாம் அங்கே அன்றாட வியாபாரம். ஆனால், பொதுவாழ்வில் பெயர் பெற்ற ஒருவர் மறைந்தாலும், ஒருவருக்கு நூற்றாண்டு வந்தாலும், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்கள் என்னும் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் மக்கள் முதலில் படியேறுவது இந்தக் கடையில்தான். அந்த வேலையை அது எவ்வளவு பொறுப்போடு செய்கிறது என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

தோட்டத்து மக்களுக்கு ஒரு தலைவரின் படம் என்பது என்ன என்று தெரிந்தால்தான் இந்தக் கடையின் அருமை புரியும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் முன்னறையில் சாமி படங்களின் வரிசையிலேயே நேதாஜி இருந்தார், எம்.ஜி.ஆர். இருந்தார், நம் ஊரிலேயே பிறந்து மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனும் இருந்தார். விடுதலைக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், அவற்றை வாங்குவதற்காகத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் (ரிங்கிட்) பங்குப் பணம் சேர்த்து 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். தன் கூலியிலிருந்து அந்தப் பங்கை வாங்கியவருக்கு, 1979 மே 18 அன்று சம்பந்தன் மறைந்தது சொந்த வீட்டு இழப்பு. ஆகவே, அப்படிப்பட்ட ஒருவரின் படத்தைச் சட்டமிட்டுக் கொடுப்பவர் அந்த வீட்டுத் துக்கத்தில் கை வைக்கிறார். கடைக்காரர் இதை உணர்ந்தே நடந்துகொள்கிறார் என்பதைப் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன்.

முதலாவதாக, செய்தி உறுதியாகும் வரை அவர் அஞ்சலிப் படம் அச்சிடுவதில்லை. 2016 டிசம்பர் 5 அன்று மாலை, முதலமைச்சர் ஜெயலலிதா காலமாகிவிட்டதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்தன. சென்னையில் கட்சித் தலைமையகக் கொடிகூட அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டது. பிறகு மருத்துவமனை அதை மறுத்தது, கொடி மீண்டும் மேலே ஏறியது. அந்த இடைவெளியில் இங்கே பதாகை கேட்டு வந்தவர்களிடம், "உசுரு இருக்குறவங்களுக்கு நான் மாலை போட மாட்டேன்யா, வானொலியில சொல்லட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அன்று கிடைத்திருக்கக்கூடிய வருமானம் சிறியதன்று. இன்று கைப்பேசியில் வாரம் ஒரு நடிகரைச் சாகடித்துவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறோம். அந்தச் செய்தியைப் பகிர்கிறவர்களுக்கு, அந்த நடிகரின் வீட்டில் இருப்பவர்களும் அதைப் படிப்பார்கள் என்ற நினைவே வருவதில்லை. இந்த நிலையில் அவருடைய நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தேதி விஷயத்திலும் அதே கண்டிப்பு. ஜெயலலிதாவின் உயிர் பிரிந்ததாக அறிவிக்கப்பட்டது இரவு 11.30 மணிக்கு. நம் நாட்டு நேரம் இரண்டரை மணி முந்தியது என்பதால், இங்கே அப்போது 6ஆம் தேதி அதிகாலை இரண்டு மணி. தாம் செய்தி கேட்ட நாளையே பலரும் எழுதிக் கொண்டுவந்தார்கள். இறந்தவர் இருந்த ஊரின் தேதியே படத்தில் வர வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொல்லி, 5 என்றே அச்சிட்டார். ஆண்டுதோறும் திவசம் கொடுக்கும் மக்களுக்கு நாளின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. எழுத்துப் பிழைகளையும் அவர் விடுவதில்லை. 'நினைவு நால்' என்று வந்த தாளை வாங்கியவுடன் சிவப்பு மையால் திருத்தி, வந்தவரிடம் காட்டி, ஒப்புதல் வாங்கிக்கொண்ட பிறகே கணினியில் உட்கார்ந்தார்.

இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது, எந்தப் படம் என்று தேர்ந்தெடுக்க அவர் ஒதுக்கும் நேரம். எம்.ஜி.ஆர். நூற்றாண்டான 2017இல், தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, மேசையில் பரப்பி வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேணாம் தம்பி, அவரு கண்ணு தெரியணும்" என்றார். கடைக்காரர் உள்ளே போய், பழைய வார இதழ்களிலிருந்து வெட்டிச் சேர்த்து வைத்திருக்கும் தகரப் பெட்டியை எடுத்து வந்தார். நெற்றியில் முடி விழ, பக்கவாட்டில் பார்த்துச் சிரிக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அதில் கிடைத்தது. "பாட்டி, பெருசாக்குனா கொஞ்சம் மங்கலாத்தான் வரும், பரவாயில்லையா?" என்று கேட்டார். பாட்டி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அதையே போடச் சொன்னார். பின்னால் காத்திருந்தவர்களும் முணுமுணுக்கவில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25இல் மறைந்தபோது நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் ஊர் கூடி இரங்கல் கூட்டம் நடத்த வழியில்லை. அவரவர் வீட்டிலேயே விளக்கேற்றி வைக்க ஒரு படம் வேண்டும் என்று அப்போதும் பலர் இங்கேதான் வந்தார்கள்.

பதாகைகளைப் பொறுத்தவரை ஒரு விதி வைத்திருக்கிறார்: அஞ்சலி செலுத்துகிறவரின் முகம் மறைந்தவரின் முகத்தைவிடப் பெரிதாக வரக்கூடாது. கண்ணீர் அஞ்சலி என்று போட்டுவிட்டு, கைகூப்பி நிற்கும் தன் படத்தை முக்கால் பதாகைக்கு விரித்து, இறந்தவரை மூலையில் அஞ்சல் தலை அளவுக்கு ஒட்டும் வழக்கம் என் மனத்தை மிகவும் புண்படுத்துகிறது. அதற்கு உடன்படாத ஒருவராவது நம் ஊரில் இருக்கிறார் என்பது ஆறுதல். 1974 முதல் 2008 வரை நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சாமிவேலு 2022 செப்டம்பர் 15இல் காலமானபோது, அவரை ஆதரித்தவர்களும் வந்தார்கள், தேர்தலில் அவரை எதிர்த்து வேலை செய்தவர்களும் வந்தார்கள். இரு தரப்பாருக்கும் ஒரே அளவு, ஒரே கட்டம், பெயரும் தோன்றிய நாளும் மறைந்த நாளும் மட்டும். அரசியல் வாக்கியங்களைச் சேர்க்கச் சொன்னவர்களிடம், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வரச் சொன்னார். இதை எல்லாரும் விரும்பவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சட்டத்தின் பின்பக்க அட்டை மெல்லியது. நம் ஊர் ஈரத்துக்கு அது தாங்குவதில்லை, ஓரத்தில் பூஞ்சணம் படர்ந்து கண்ணாடிக்குள் ஏறிவிடுகிறது. சற்றுக் கூடுதலாகக் கொடுத்து ஒட்டுப்பலகை போடச் சொல்வது நல்லது. படத்தைச் சுற்றி மினுக்கும் விளக்கு மாலை விரைவில் பழுதாகிறது, அதை வாங்க வேண்டாம். நடுத்தர அளவுப் படத்துக்கு மரச்சட்டமும் கண்ணாடியும் சேர்த்து 45 வெள்ளி வாங்குகிறார். வேலைப்பாட்டுக்கு அது நியாயமான விலை. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.

நினைவு நாளுக்கும் பிறந்த நாளுக்கும் படம் வேண்டுவோர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறிப்பாக, கண்ணதாசனும் எம்.எஸ்.விசுவநாதனும் பிறந்த ஜூன் 24க்கு இசைக்குழுக்கள் இருவர் படத்தையும் சேர்த்தே கேட்பதால், அந்த மாதத் தொடக்கத்திலேயே வேலை குவிந்துவிடுகிறது. அப்துல் கலாம் பிறந்த அக்டோபர் 15க்குப் படம் வாங்கும் பள்ளி ஆசிரியர்கள், தீபாவளிக்கான சாமி படங்களும் அதே சமயத்தில் வரும் என்பதை நினைவில் கொண்டு, செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டால் நல்லது. தேதிகளைத் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொண்டு போங்கள், அச்சிடும் முன் காட்டும் மாதிரித் தாளை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.